மலையேறிய சந்தை – 9: ரூபிள் சரிந்தது, கொழுந்து விலை விழுந்தது

தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா என்று வெளிச்சந்தையை நம்பிப் பிழைக்கும் இலங்கையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே பிழைப்புதான் நீலகிரிக்கும். அரிசி மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறுகிறது, தேயிலைத் தூள் கீழே இறங்குகிறது. விலை வெளியே முடிவாகும். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஆனால் இலங்கைக்குச் சொந்த நாணயமும் சொந்தச் சுங்கமும் உண்டு. நீலகிரி ஒரு மாவட்டம். அடி விழுந்தால் டெல்லியைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வரவைச் சொல்லிவிடுவோம். ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தத்தின் கீழ் சோவியத் ஒன்றியம் தென்னிந்தியத் தேயிலையை மூட்டை மூட்டையாக வாங்கியது. தரத்தைப் பெரிதாகத் துருவிக் கேட்கவும் இல்லை. 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, அடுத்த ஆண்டு குன்னூரில் ஏல மையம், 1965-ல் கூட்டுறவு ஆலைகளின் இணையமான இன்கோசர்வ். உருளைக்கிழங்கு விளைந்த, படுகர் சமூகத்தினரின் நிலங்களில் தேயிலைச் செடி ஏறியது. அவர்களின் ஊர்களான ஹட்டிகளில் காரை வீடுகள் எழுந்ததும், பிள்ளைகள் கோவைக்குப் போய்ப் படித்ததும் பெரிதும் இந்தக் காசில்தான். உலகமயத்தைச் சாபமாக மட்டும் பேசுகிறவர்கள் இந்த வரவை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

1991-ல் ஒன்றியம் உடைந்தது. அடி உடனே விழவில்லை. சோவியத்திடம் பட்ட பழைய கடனை இந்தியா ரஷ்யாவுக்கு ரூபாயில் அடைத்தது. அந்த ரூபாயில் நம் தேயிலை போய்க்கொண்டிருந்தது. பிறகு 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது, ரஷ்யாவின் கொள்முதலும் சரிந்தது. பத்து ரூபாய்க்கு மேல் விற்ற ஒரு கிலோ பச்சைத் தேயிலை, 2000-ல் ஐந்து ரூபாய்க்கும் கீழே போனது. பறிகூலிக்கே கட்டவில்லை. சாலை மறியல், கடையடைப்பு என்று மலை கொதித்தது.

கோபம் இலங்கை மேல் திரும்பியது. 1998 டிசம்பரில் கையெழுத்தான இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருந்தது. குறைந்த வரியில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலை வரலாம். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் இந்தியா அப்போது விளைவித்தது 80 கோடி கிலோவுக்கும் மேல். முழு ஒதுக்கீடும் வந்திருந்தாலும் நூற்றில் இரண்டு பங்குகூட ஆகாது. அந்த ஒதுக்கீடும் நிரம்பவில்லை. வாங்கியவன் போனதுதான் நோய். விற்க வந்தவனைப் பிடித்து உலுக்கினோம்.

டெல்லியின் மருந்தும் அந்தத் தப்பான நோய்க்கே தரப்பட்டது. தேயிலை இறக்குமதி வரி 2001 பட்ஜெட்டில் 35 சதவீதத்திலிருந்து 70 ஆனது, மறு ஆண்டு 100 ஆனது. கொழுந்து விலை அசையவில்லை. 2003-ல் 500 கோடி ரூபாயில் விலை நிலைப்படுத்தும் நிதி வந்தது. சிறு விவசாயி கைக்கு வந்தது சொற்பம். தமிழக அரசு ரேஷன் கடைகளில் ‘ஊட்டி டீ’ விற்றதை அன்று சிலர் கேலி செய்தார்கள். என் கணக்கில் அதுதான் உருப்படியான யோசனை. போன வாடிக்கையாளருக்குப் பதில் இன்னொரு வாடிக்கையாளரைத் தேடியது அது ஒன்றுதான்.

சோவியத் காலம் விட்டுப்போன பழக்கமோ இன்னும் போகவில்லை. எடைக்குத்தான் காசு என்பதால் முற்றிய இலையையும் சேர்த்து வெட்டிப் போடுகிறார்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலை, ஏலச் சராசரியை வைத்து மாவட்டம் முழுவதற்கும் போடப்படுவது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தவருக்கும், கத்தரியால் வாரியவருக்கும் அதே கணக்கு. அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்? இலையைச் சுருட்டிச் செய்யும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சிறு விவசாயியின் இலையில் பெரும்பகுதி, நொறுக்கிச் செய்யும் மலிவான சிடிசி தூளாகவே போகிறது.

2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் மறுபடி உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டது கட்டுப்படியாகும் விலை. நியாயமான கோரிக்கை. ஆனால் எல்லா இலைக்கும் ஒரே விலை என்று அரசு உயர்த்திக் கொடுத்தால் முற்றிய இலைதான் இன்னும் பெருகும். ஆலை வாசலில் கொழுந்தைத் தரம் பார்த்து, தரத்துக்கேற்ற விலையை அறிவிக்கட்டும். அரசு மானியத்தையும் அந்தத் தர ஏணியிலேயே ஏற்றட்டும். இதற்கு உலக வர்த்தக அமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, குன்னூரிலேயே தொடங்கலாம்.

(தொடரும்)