தொழிற்சாலைக்குள் ஒரு செயற்கைக்கோள்

குளச்சல், தூத்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்திருப்பீர்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் நம் மாவட்ட மீனவர் பலர் கரை திரும்பவில்லை. நடுக்கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிய இக்கருவியே துணை. அது தொழிற்சாலையை விட்டு வெளிவருமுன் எவ்வாறு சோதிக்கப்படுகிறது?

வெட்டவெளியில் வைத்து, இடத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தால் போதாதா? போதாது. ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கருவியை எட்டும் அலையின் திறன், ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் ஏறக்குறைய அதில் ஒரு பங்குதான். (எழுதிப் பாருங்கள்: புள்ளிக்குப் பின் 15 சுழிகள், பிறகு 1!) தொழிற்சாலைக் கூரைக்குள் அதுவும் சரியாக வந்து சேராது. மேலும், இடத்தைக் கணக்கிடக் குறைந்தது 4 கோள்கள் வேண்டும். ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் சொல்லும். ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு இப்படிக் காத்திருக்க முடியுமா?

ஆகவே, வெளி அலைகள் புகாத உலோகப் பெட்டிக்குள் கருவியை வைக்கிறார்கள். ஒரே ஒரு கோளைப்போல் நடிக்கும் அலையியற்றியிலிருந்து, அளந்த திறனில் அலையை அனுப்புகிறார்கள். இரைச்சலோடு ஒப்பிட, அந்த அலை எவ்வளவு தெளிவாகப் பிடிபடுகிறது என்பதைக் கருவியே எண்ணாகச் சொல்லும். சில விநாடிகளில் வேலை முடிந்தது. ஆன்டெனாவைப் பற்றவைத்த இடம் சரியில்லையென்றால் அந்த எண் குறைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறையுள்ள கருவியும் வெட்டவெளியில் இடத்தைக் காட்டிவிடும். கடலில் படகு சாய்ந்தாடும்போதுதான் தடுமாறும்.