பெரிய மோட்டார் வாங்கும் முன் பீப்பாயில் அளந்து பாருங்கள்

கிணற்றில் தண்ணீர் இருந்தும் வாய்க்காலில் நீர் குறைந்துவிட்டால், 5 குதிரைத்திறன் மோட்டாரை மாற்றி 7.5 வாங்கலாம் என்றே உழவர்கள் பலரும் எண்ணுகின்றனர். அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். திறந்த கிணற்றில் மையவிலக்குப் பம்பு வைத்திருப்போருக்கே இது பொருந்தும். ஆழ்குழாய்க் கிணறுகளின் கணக்கு வேறு.

டெலிவரி குழாயின் வாயில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்கவும். 25 வினாடி ஆனால், வினாடிக்கு 8 லிட்டர். பம்பு ஓடும்போதே கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை உள்ள உயரத்தைக் கயிறு விட்டு அளக்கவும். அது 15 மீட்டர் என்று கொள்வோம். 8-ஐ 15-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 1.6 வரும். நீரை மேலேற்றப் பயன்பட்ட குதிரைத்திறன் இவ்வளவே. 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஓடினால் அதில் பாதியளவாவது நீராக வெளிவர வேண்டும்.

மீதி எங்கே போகிறது? முதலில் ஃபுட்வால்வைத் தூக்கிப் பாருங்கள். அதன் துளைகளின் மொத்தப் பரப்பு, உறிஞ்சு குழாயின் குறுக்குப் பரப்பைப் போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். பாசியும் சருகும் அடைத்திருந்தால் புது மோட்டார் போட்டும் பயனில்லை. அடுத்து குழாய். ஒரே அளவு நீர் 65 மி.மீ. குழாயில் செல்லும்போது ஏற்படும் உராய்வு இழப்பு, 80 மி.மீ. குழாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செங்கோணமாகத் திரும்பும் எல்போக்களுக்குப் பதில் நீண்ட வளைவுகளைப் போடவும். தொட்டிக்கு மேல் ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுவது பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் 15 மீட்டர் இறைப்பில் ஒன்றரை மீட்டரைக் குறைத்தாலே பத்தில் ஒரு பங்கு வேலை மிச்சம்.

நீர்மட்டத்திற்கும் பம்புக்கும் இடையே 6 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும். கோடையில் மட்டம் இறங்கினால் பம்பைக் கீழ்மேடைக்கு இறக்குவதே சரி. உறிஞ்சு குழாய் இணைப்புகளில் காற்றுப் புகக்கூடாது.

"மின்சாரத்திற்குத்தான் கட்டணம் இல்லையே?" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1990 முதல் இல்லைதான். ஆனால் வினாடிக்கு 8 லிட்டர் வரும் இடத்தில் 10 லிட்டர் வந்தால், 5 மணி நேரப் பாய்ச்சல் 4 மணியில் முடியும். மோட்டார் தேய்மானமும் ரீவைண்டிங் செலவும் உங்களுடையவைதாமே. கிணற்று ஊற்றே குறைவாக இருந்தாலோ, பெரிய மோட்டார் அதைச் சீக்கிரம் வற்றச் செய்வதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

ஒரு எச்சரிக்கை. தடைகளை நீக்கியபின் நீர் அதிகமாக வரும். மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கூடலாம். ஸ்டார்ட்டரிலுள்ள ஆம்மீட்டரைப் பாருங்கள். மோட்டார் தகட்டில் குறித்துள்ள ஆம்பியரைத் தாண்டினால், டெலிவரி வால்வைச் சற்று மூடி ஓட்டவும். பிறகு பம்பு பழுதுபார்ப்பவரிடம் காட்டி, உங்கள் இறைப்பு உயரத்திற்கு ஏற்ற இம்பெல்லரைப் பொருத்திக்கொள்ளவும்.