உங்களுக்குத் தெரியுமா? 6 சதவீதக் கூடுதல் எடைக்கு 37 மடங்கு விறைப்பு!

ஓர் உலோகத் தகட்டின் கனத்தை இரண்டாகப் பிரித்து, நடுவே தேன்கூடு வடிவ உள்ளீட்டை வைத்து ஒட்டி, மொத்தத் தடிமனை 4 மடங்காக்குங்கள். கூடும் எடை ஏறக்குறைய 6 சதவீதம்தான். வளையாமல் நிற்கும் விறைப்போ 37 மடங்கு! இதுதான் சாண்ட்விச் பலகை.

• மங்கள்யான் விண்கலத்தின் உடற்கூடு அலுமினியமும் கார்பன் இழைக் கலவையும் சேர்ந்த சாண்ட்விச் அமைப்பு. 2013 நவம்பர் 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது.

• ஏவும்போது எழும் அதிர்வைப் பலகை தாங்குமா? செய்வதற்கு முன்பே கணினி சொல்லிவிடும். பலகையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வளைவையும் தகைவையும் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை இது.

• இந்தக் கணக்கில் தேன்கூட்டின் அறைகளை ஒவ்வொன்றாக வரைவது அரிது. அதே குணமுள்ள ஒரே திடப்பொருளாகக் கொள்வதே வழக்கம்.

• உள்ளீடு பக்கவாட்டில் நழுவிச் சாய்வதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பலகை உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகத் தோன்றும்.

• இத்தகைய கணக்குகளுக்கு நம் நாட்டு மென்பொருளே உண்டு: திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய ‘ஃபீஸ்ட்’.