மீட்டர் எண் ஏறினால் மகிழலாமா?
(நானோ குழாயும் புற ஊதாக் கதிரும்)

நம் சங்கத்துப் பிள்ளைகளில் பலர் பொறியியல் படிக்கிறார்கள். "நானோன்னா ரொம்பச் சின்னது, அவ்வளவுதானே அங்கிள்?" என்று அவர்களில் ஒருவன் என்னைக் கேட்டான். பொருளறிவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அவனுக்குச் சொன்னதையே இம்மலர் வாசகர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்களாலான மெல்லிய ஏடுகளின் அடுக்கு. அதில் ஓர் ஏட்டை உரித்துப் பாய்போலச் சுருட்டினால் எப்படி இருக்குமோ, அதுதான் கார்பன் நானோ குழாய். ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர் சுமியோ இஜிமா 1991-இல் இதை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்து வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டரில் தொடங்கிச் சில பத்து நானோமீட்டர் வரை போகும். நம் தலைமுடியோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்!

வீட்டில் ஒட்டுவதற்குப் பயன்படுத்துகிறோமே, எபாக்சிப் பசை, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் அதற்குள் நானோ குழாய்களைக் கலந்தால் பாயும். சேமியா பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேமியா கொஞ்சமாக இருந்தால் இழைகள் தனித்தனியே மிதக்கும். அளவு கூடக்கூட ஒன்றையொன்று தொட்டு வலையாகிவிடும். அப்படித் தொட ஆரம்பிக்கும் அளவில் மின்கடத்துத்திறன் பல்லாயிரம் மடங்கு தாவும். பல கலவைகளில் இதற்கு நூற்றில் ஒரு பங்கு குழாய்கூடத் தேவையில்லை.

சரி, இதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் என்ன ஆகும்? இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. இரண்டும் எதிரெதிர்.

முதலாவது, குழாயின்மேல் நடப்பது. காற்றிலுள்ள ஆக்சிஜன் குழாயின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் மின்கடத்தலை மாற்றுகிறது என்று 2000-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, புற ஊதா ஒளி பட்டால் ஒட்டியிருந்த ஆக்சிஜன் கழன்றுபோகிறது, கடத்தல் குறைகிறது என்று ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் காற்றில் வைத்தால் ஆக்சிஜன் மெல்ல மறுபடி வந்து ஒட்டும், கடத்தலும் மீளும். ஆக, இது திரும்பக்கூடிய மாற்றம்.

இரண்டாவது, பிளாஸ்டிக்குக்கு நடப்பது. மொட்டை மாடியில் வருஷக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் வாளியைத் தொட்டால் கையில் மாவுபோல ஒட்டும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் கணக்கு இருக்கிறது. கார்பன் அணுக்களின் ஒற்றைப் பிணைப்பை உடைக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள சூரியக் கதிர்த்துகளிடம் சுமார் 4.1 இருக்கிறது. நம் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்குள் எரியும் 254 நானோமீட்டர் விளக்கிலோ 4.9. கதிர் பட்ட இடத்தில் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, எபாக்சி சிறிது சிறிதாக அரிக்கப்படுகிறது. குழாய்கள் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. பாயசம் வற்றினால் சேமியா மேலே வலையாகத் தெரியுமே, அதேபோல மேற்பரப்பில் குழாய்கள் நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவன ஆய்வுகள் இந்தப் பின்னலைப் படமெடுத்துக் காட்டியுள்ளன. இழைகள் நெருங்குவதால் மேற்பரப்பின் மின்கடத்தல் கூடக்கூடும்.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்கணும். மீட்டரில் கடத்தல் ஏறுகிறதென்றால் 'பொருள் மேம்பட்டுவிட்டது' என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் பிளாஸ்டிக் தேய்ந்துகொண்டிருப்பதன் அடையாளமாகவே அது இருக்கலாம். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளக்கை அணைத்து, மாதிரியை இருட்டில், காற்றோட்டத்தில் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பழைய எண்ணுக்குத் திரும்பினால் ஆக்சிஜனின் வேலை. திரும்பவில்லை என்றால் பிளாஸ்டிக்கைச் சந்தேகிக்க வேண்டும். கதிர் ஆழம்வரை போவதில்லை, குழாய்களே அதை விழுங்கிவிடும். அதனால் மேற்பரப்பைத் தனியாகவும் உட்புறத்தைத் தனியாகவும் அளப்பது அவசியம்.

இது வெறும் பரீட்சை விஷயம் இல்லை. நிலைமின்சாரம் சேராமலிருக்க இத்தகைய கலவைகளைப் பல பொருள்களில் சேர்க்கிறார்கள். அவற்றில் சில வருஷம் முழுக்க வெயிலில் கிடக்கப் போகிறவை. வெளியே தெரியும் குழாய்ப் பின்னல் பிய்ந்து காற்றில் கலக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014-இல் இத்தகைய குழாய்களில் ஒரு வகையை மட்டும் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. பின்னல் அவ்வளவு சுலபமாகப் பிய்வதில்லை, அடியிலுள்ள எபாக்சிக்குக் குடைபோலவும் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்வது ஓரளவு ஆறுதல். ஆனாலும் மழை, காற்று, உரசல் எல்லாம் சேரும்போது என்ன ஆகும் என்பதைச் சோதித்த பிறகே வீட்டுக்குள் விட வேண்டும்.

அந்தச் சோதனைகளைச் செய்யப்போகிறவர்கள் இன்று நம் வீடுகளில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். எண் ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எதனால் என்று கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு இப்போதே சொல்லிக்கொடுப்போம்.