தானாகச் சுழலாத மின்விசிறி

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், புழல் முதல் இராயபுரம் வரையுள்ள இல்லங்களில் மின்விசிறிக்கு ஓய்வே இல்லை. அத்தகைய நாளொன்றில் சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழலாமல் முனகிக்கொண்டு நிற்கும். குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடத் தொடங்கும். ‘ஓடுகிறதே, போதும்’ என்று பலர் இதையே வழக்கமாக்கி விடுகின்றனர். சிறு தொகையில் தீரவேண்டிய பழுது, காயில் கருகிப் பெருஞ்செலவாக முடிவதும், ஸ்டூலில் ஏறியவருக்கு ஆபத்தாக முடிவதும் இதனால்தான்.

விசிறி தானே ஏன் புறப்படவில்லை? செங்குன்றம் அரிசி ஆலைகளிலும், எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்கூடங்களிலும் பெரிய மோட்டார்கள் மும்முனை மின்சாரத்தில் ஓடுகின்றன. மூன்று முனைகளிலும் மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் பெறுவதால், மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது. அதன் பின்னே மோட்டாரும் சுழல்கிறது. நிக்கோலா டெஸ்லா 1888ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மோட்டார் இத்தத்துவத்தில் அமைந்ததே.

நம் வீட்டு விசிறிக்குக் கிடைப்பதோ 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம். ஒரே சுருளில் பாயும்போது அதன் காந்தப்புலம் முன்னும் பின்னுமாக ஊசலாடுமேயன்றிச் சுழலாது. ஆகவே விசிறியில் இரண்டாவது சுருள் ஒன்றும், அதனுடன் ஒரு மின்தேக்கியும் வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் ‘கண்டென்சர்’ என்று கேட்டால் கிடைப்பது இதுதான். இரு சுருள்களிலும் மின்னோட்டம் உச்சம் பெறும் நேரத்தை இது வேறுபடுத்துகிறது. அதனால் காந்தப்புலம் சுழல்கிறது. வெப்பத்தாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் கண்டென்சர் ஆண்டுக்கணக்கில் நலிவுறும். அது முற்றிலும் செயலிழந்தால் விசிறி எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும்!

பழுதை அறிவது எப்படி?

1. முனகல் ஒலியே இல்லையெனில், விசிறிக்கு மின்சாரம் வரவில்லை என்று ஐயுறலாம். சுவிட்ச், ரெகுலேட்டர், ஒயர் இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்கச் செய்யுங்கள்.

2. முனகுகிறது, ஆனால் சுழலவில்லை எனில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுழன்றால் பெரும்பாலும் கண்டென்சர் பழுது. இறுகிக் கரகரத்தால் பேரிங் பழுது.

3. மாலையில் மட்டும் புறப்படத் தயங்கினால் மின்னழுத்தக் குறைவும் காரணமாகலாம். மின்னழுத்தம் பாதியானால் புறப்படும் விசை காற்பங்காகக் குறையும். நலிந்த கண்டென்சர் அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

4. கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். சுழலாத விசிறியில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் காயில் சூடேறி, அதன் மேற்பூச்சு கருகிவிடும். பிறகு ரீவைண்டிங் செய்வதைத் தவிர வழியில்லை.

கண்டென்சர் மாற்றும்போது பழையதன்மேல் அச்சிடப்பட்டுள்ள அளவையே கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கூரை விசிறிகளில் 2.5 மைக்ரோஃபாரட் பெருவழக்கு. வேகம் கூடட்டும் என்று பெரிய அளவைப் பொருத்தினால் காயில்தான் அதிகமாகச் சூடேறும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

விசிறியின் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ஒயரிங் தவறாக உள்ள வீடுகளில் சுவிட்சை நிறுத்திய பின்னரும் விசிறியில் மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் உள்ள இல்லங்களில் அதையும் நிறுத்துங்கள். மெயினை நிறுத்தினாலும் இன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் வரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ‘மின்வெட்டு நேரந்தானே’ என்று துணிந்து ஏறுவதும் கூடாது. மின்சாரம் எந்த நொடியிலும் திரும்பலாம். கழற்றிய கண்டென்சரிலும் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். அதன் முனைகளைத் தொடாதீர்கள். பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். இப்பணியில் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே அறிவுடைமை.

இப்போது பரவியுள்ள பி.எல்.டி.சி. விசிறிகளுக்கு இம்முறை பொருந்தாது. ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும் அவற்றை இயக்குவது மின்னணுச் சுற்று. அவை நின்றுவிட்டால் உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுப்பதே முதல் வேலை.

மற்ற விசிறிகளைப் பொறுத்தவரை, தள்ளிவிட்டால்தான் ஓடும் என்ற நிலை வந்த அன்றே சுவிட்சை நிறுத்தி, கண்டென்சரை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். குச்சியைத் தேடாதீர்கள்.