கிரகணத்துக்கு முந்திய வெட்டு

இலங்கையின் குருவிட்டத் தேயிலைத் தோட்டங்களில் கிரகணம் என்றால் பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டக் கூடாது. கத்தியைத் தொடக் கூடாது. மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம். முன்பு லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் விழும்வரை பிள்ளையின் முகத்தை யாரும் கண்டதில்லை. பிளந்திருந்தால் பழி தாய்மேல். பழியைவிடக் கொடியது பசி. அண்ணமும் பிளந்திருந்தால் பிள்ளையால் உறிஞ்ச முடியாது. குடித்த பால் மூக்கால் வரும்.

பிழைத்தவர்களில் பலர் தையல் காணாத உதட்டோடே வளர்ந்தார்கள். 1980களில் லண்டன் நிபுணர் மைக்கேல் மார்ஸ் காலியில் நடத்திய உதட்டுப் பிளவுத் திட்டத்துக்கு அப்படிப்பட்ட பெரியவர்கள் வந்தார்கள். அவர்களை அளந்து பார்த்தபோது, மேல்தாடை வளராமல் போவதற்குப் பிளவைவிடச் சின்ன வயதுத் தையலின் தழும்பே பெரிய காரணம் என்று துலங்கியது. நம் பற்றாக்குறை உலகத்துக்குப் பாடமானது; நல்ல வேடிக்கை!

இப்போது வயிற்றிலேயே முகம் தெரிகிறது. உதடு கூடுவது கருத்தரித்த ஏழாவது வாரத்துக்குள். சில பெண்களுக்கு நாள் தள்ளியது உறுதியாகும்போதே அந்த வேலை முடிந்திருக்கும். பிறகு வரும் கிரகணத்துக்கு அங்கே வேலையில்லை. இருபதாம் வார ஸ்கேனில் மூக்கு நுனியும் உதடுகளும் ஒரே படத்தில் விழும்படி கருவியைச் சரித்தால், மேலுதட்டில் கறுப்பாக ஒரு வெட்டுத் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். எலும்பின் நிழல் மறைக்கும். பிறந்த பிறகு வாய்க்குள் டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே ஸ்கேன் தருவது அவகாசம்தான். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கரண்டியால் பாலூட்டப் பழக, மூன்று மாதமளவில் உதட்டுக்கும் ஒரு வயதையொட்டி அண்ணத்துக்கும் தையல் என்று மனதைத் தயார்செய்ய நாலு மாதம் கிடைக்கிறது.

அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! ரிப்போர்ட் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். தமிழ் பேசும் தோட்டத்துத் தாயின், கடைவீதிக்குப் போதுமான சிங்களம் கிளினிக்கில் தடுமாறும். அண்ணம் தைத்த பிறகும் ப, ட, ச எல்லாம் மூக்கால் போகலாம். பேச்சுப் பயிற்சி வேண்டும். தமிழில் அதைத் தருபவர்கள் இலங்கையில் மிகக் குறைவு. பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாய்தான் பக்கத்தில் இருந்து அர்த்தம் சொல்ல வேண்டும். அன்று கொழுந்து பறிக்கப் போகாததால் அவளுக்குப் பேரும் விழாது, அன்றைய கூலியும் இல்லை.