நாலு கணக்கு, ஒரே வியாபாரம்

சின்னாளப்பட்டிக் கடைவீதியில் சுங்குடிச் சேலை வாங்கினால் பணமும் சேலையும் அங்கேயே கைமாறிவிடும். அதே சேலையை இணையதளத்தில் வாங்கும்போது ஆர்டரைப் பதிவது, இருப்பில் ஒன்றைக் கழிப்பது, பணம் பெறுவது, கூரியருக்குச் சொல்வது என நாலு வேலைகள் நடக்கின்றன. பெரிய தளங்களில் இவை நாலும் தனித்தனிச் சேவைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு டேட்டாபேஸ்.

ஒரே டேட்டாபேஸ் என்றால் கவலையில்லை. எல்லாப் பதிவும் சேர்ந்து நிற்கும். ஒன்று தவறினாலும் மொத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாலாகப் பிரிந்தால்? பணம் வந்துவிட்டது, ஆனால் இருந்த ஒரே சேலை அதற்குள் கடையில் விற்றுப்போயிற்று. இப்போது என்ன செய்வது?

1970களில் வந்த பழைய வழி, இரண்டு கட்ட முறை. முதலில் எல்லாச் சேவைகளிடமும் 'தயாரா?' என்று கேட்பது. எல்லாம் தயார் என்றால்தான் 'முடி' என்று உத்தரவு. அந்த உத்தரவு வரும்வரை அவரவர் பதிவைப் பூட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். உத்தரவிடும் கணினி நடுவில் படுத்துவிட்டால் பூட்டும் திறக்காது. தீபாவளிக் கூட்டத்துக்கு இது தாங்காது.

1987-இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 'சாகா' என்ற முறையை முன்வைத்தார்கள். ஒவ்வொரு வேலையும் உடனுக்குடன் முடிந்துவிடும். பின்னால் ஏதாவது தவறினால், முடிந்ததை ஈடுகட்டும் வேலைகள் கடைசியிலிருந்து வரிசையாக நடக்கும். கணக்குப்பிள்ளை எழுதிய வரியை அழிக்காமல் எதிர்வரி எழுதுவதைப் போலத்தான். சேலை இல்லையா? பணத்தைத் திருப்பு, ஆர்டரை ரத்து செய். அதனால்தான் திரும்பப்பெற முடியாத வேலையான கூரியரைக் கடைசியில் வைக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், பதில் வராமல் போவது. பணம் எடுத்தாயிற்றா, இல்லையா? மறுபடி கேட்டால் இரண்டு முறை எடுத்துவிடுமோ? இதற்காக ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் தருகிறார்கள். அதே எண் திரும்ப வந்தால், முன்பு சொன்ன பதிலையே சேவை சொல்லும், பணத்தைத் தொடாது.

2016-இல் தொடங்கிய யுபிஐ-யிலும் இதே சிக்கல் உண்டு. உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி என இரண்டு கணக்குகள். உங்கள் பணம் கழிந்தும் கடைக்குத் தகவல் சேரவில்லையென்றால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆகவே பதறி மறுபடி பணம் அனுப்புமுன், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள்.